பெண்கள், சிறுபான்மையினர் தலைமை பற்றிய ஆய்வு: தரவு எங்கே கிடைக்கும், எதை அளப்பது?

வைகைக்கரை:

வணக்கம். மேலாண்மையில் முனைவர் பட்டத்துக்கு "பணியிடத்தில் பாலினச் சமத்துவமும் சிறுபான்மையினர் தலைமையும்" என்ற தலைப்பு பதிவாகியிருக்கிறது. களம், தமிழ்நாட்டில் பதிவு அலுவலகம் உள்ள பங்குச்சந்தை நிறுவனங்கள். 60 நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் 5 பேர், ஆக 300 பேருக்கு எச்.ஆர். (பணியாளர் துறை) வழியாகக் கூகுள் படிவம். 25 வாக்கியங்கள், ஐந்து புள்ளி அளவுகோல். பிறகு எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்கு. இதுதான் திட்டம்.

முன்வரைவுக் கூட்டத்தில் மூன்று கேள்வி எழுந்தது. சிறுபான்மையினர் என்று யாரைச் சொல்கிறாய்? தலைமை என்பதை எதை வைத்து அளப்பாய்? எச்.ஆர். தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் ஐந்து பேர் உண்மையைச் சொல்வார்களா? மூன்றுக்கும் ஒழுங்கான பதில் இல்லை. இயக்குநர்களின் பெயரை வைத்தே சாதி பிரித்து ஏற்கெனவே ஓர் ஆய்வு வந்திருக்கிறது, அதையே இங்கும் செய்யலாம் என்கிறார்கள். சரிவருமா? ஆவணங்களிலிருந்தே எடுக்கக்கூடிய எண்கள் என்னென்ன என்றும் தெரிந்தால் நல்லது.

கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மற்ற இரண்டுக்கும் போக முடியாது.

சட்டத்தில் "சிறுபான்மையினர்" என்றால், 1992-ஆம் ஆண்டின் தேசிய சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட ஆறு மதத்தவர்: முஸ்லிம், கிறித்தவர், சீக்கியர், பௌத்தர், பார்சி, 2014-இல் சேர்ந்த சமணர். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இதில் வரமாட்டார்கள். அமெரிக்க ஆய்வுகளைப் படித்துவிட்டு இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே பிடித்துக்கொள்வார். ஆறு மதத்தையும் ஒரே கூட்டலில் போடுவதும் ஆபத்து. பார்சிகளும் சமணர்களும் இந்திய நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் நெடுங்காலமாக இருப்பவர்கள். அவர்களைச் சேர்த்து "சிறுபான்மையினர் இவ்வளவு விழுக்காடு" என்று எழுதினால் முஸ்லிம்களின் எண்ணிக்கை அதற்குள் மறைந்துபோகும். மொழிச் சிறுபான்மை என்று போனாலும் இதே கதைதான். கோயம்புத்தூர் மில் முதலாளிகளில் பலர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட சமூகத்தவர். எண்ணிக்கையில் சிறுத்தவர் எல்லாரும் அதிகாரம் அற்றவர் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும்.

இனி ஆவணங்கள். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2021 மே மாதச் சுற்றறிக்கையில் கொண்டுவந்த பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை (நிறுவனத்தின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை) 2022-23 நிதியாண்டிலிருந்து சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்குக் கட்டாயம். உங்கள் 60-இல் இந்த ஆயிரத்துக்குள் வருபவை எத்தனை என்று முதலில் பாருங்கள். மீதியை விட்டுவிடுங்கள், அல்லது தனிப் பிரிவாக வையுங்கள். அறிக்கை ஆண்டறிக்கையோடு பி.டி.எப்.-ஆகக் கிடைக்கும். பங்குச்சந்தைத் தளங்களில் எக்ஸ்.பி.ஆர்.எல். என்ற கணினி படிக்கும் வடிவிலும் இருக்கிறது. அதை எடுத்தால் 60 கோப்பிலிருந்து கையால் எண்களைத் தட்ட வேண்டியதில்லை. ஆனால் பத்து நிறுவனத்துக்காவது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். விழுக்காடு கேட்ட கட்டத்தில் 0.23 என்றும் 23 என்றும் மாறி மாறி ஏற்றியிருப்பார்கள்.

அதில் உங்களுக்குப் பயன்படுவது: நிரந்தர, நிரந்தரமல்லாத ஊழியர், தொழிலாளர் எண்ணிக்கை ஆண் பெண் வாரியாக. மாற்றுத்திறனாளிகளும் அதேபோல் பாலின வாரியாக. இயக்குநர் குழுவிலும் முக்கிய நிர்வாகப் பணியாளர்களிலும் பெண்கள். மூன்று ஆண்டுக்கான விலகல் விகிதம். மகப்பேறு, தந்தைமை விடுப்பு முடிந்து திரும்பியவர் விகிதம், திரும்பிப் பன்னிரண்டு மாதம் நிலைத்தவர் விகிதம். இடைநிலைச் சம்பளம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை). பாலியல் தொல்லைப் புகார்கள். மொத்தச் சம்பளத் தொகையில் பெண்களுக்குப் போனது எத்தனை விழுக்காடு என்பது.

ஊழியர்களின் சாதியும் மதமும் அதில் கிடையாது. கேட்கவே இல்லை. ஆகவே தனியார் நிறுவனங்களில் ஆவணத்தை வைத்து நீங்கள் ஆராயக்கூடியது பாலினமும் மாற்றுத்திறனும் மட்டுமே. தலைப்பில் உள்ள "சிறுபான்மையினர்" என்ற சொல்லுக்கு மாற்றுத்திறனாளிகள் என்றே பொருள் வைத்து எழுத முடியுமா என்று நெறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். யாரும் அதிகம் தொடாத பக்கம், எண்களும் கையில் இருக்கின்றன.

அடுத்து, அந்த எண்களை எப்படிப் படிப்பது. இங்கேதான் பெரும்பாலான ஆய்வேடுகள் சறுக்குகின்றன.

முக்கிய நிர்வாகப் பணியாளர் என்பது 2013 நிறுவனச் சட்டத்தின்படி மேலாண்மை இயக்குநர் அல்லது சி.இ.ஓ., முழுநேர இயக்குநர், நிதித் தலைவர், கம்பெனி செயலர். நடுத்தர நிறுவனத்தில் மூன்றே பேர் இருப்பார்கள். அதில் கம்பெனி செயலர் பெண் என்றால் "தலைமையில் பெண்கள் 33 விழுக்காடு" என்று அச்சாகும். செயலர் பொறுப்பான பதவிதான், ஆனால் அதற்குக் கீழே ஆலையோ விற்பனையோ கிடையாது, அங்கிருந்து சி.இ.ஓ. நாற்காலிக்குப் போகிற வழியும் இல்லை. எனவே பதவி வாரியாகப் பிரித்து எண்ணுங்கள். முழுநேர இயக்குநர் இரண்டு பட்டியலிலும் வருவார் என்பதையும் கவனியுங்கள். கூட்டும்போது ஒரே ஆள் இரண்டாகிவிடுவார்.

சம்பளமும் இப்படித்தான். இயக்குநர் குழுவின் இடைநிலைச் சம்பளத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் மலைக்கும் மடுவுக்குமான இடைவெளி தெரியும். பெண்களில் பலர் சார்பற்ற இயக்குநர்கள் (நிறுவனத்தோடு வேறு தொடர்பு இல்லாதவர்கள்), அவர்கள் வாங்குவது அமர்வுக் கட்டணமும் கமிஷனும். அமர்வுக் கட்டணத்துக்கு ஒரு கூட்டத்துக்கு 1 லட்சம் ரூபாய் என்று சட்ட வரம்பு உண்டு. எதிரே நிற்பது முழுநேரச் சம்பளம் வாங்கும் மேலாண்மை இயக்குநர். ஆக அந்த இடைவெளி யார் எந்த நாற்காலியில் என்பதைக் காட்டுகிறது, ஒரே வேலைக்கு வேறு சம்பளம் என்பதற்கு அது சான்று ஆகாது. "மற்ற ஊழியர்" வரிசையில் பயிற்சியாளர் முதல் பொதுமேலாளர் வரை ஒரே குவியல். அதை வைத்துச் சம்பளப் பாகுபாடு என்று முடிவு எழுதாதீர்கள்.

விடுப்பு முடிந்து திரும்பியவர் 100 விழுக்காடு என்று பார்த்து மகிழ வேண்டாம். பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள். 98 பேர் திரும்பி, ஓராண்டில் 60 பேர்தான் மிச்சம் என்றால் விஷயம் அங்கே இருக்கிறது.

புகார் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் பாதுகாப்பான இடம் என்றும், பத்து என்றால் மோசமான இடம் என்றும் எடுக்கக்கூடாது. ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் மூன்று ஆண்டு தொடர்ந்து பூஜ்யம் என்றால், புகாரை விசாரிக்கும் உள் குழு இருப்பதே தொழிலாளர்களுக்குத் தெரியுமா என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

அரசமரத்தடி:

கணக்குப்பிள்ளை தனியார் பக்கத்தைச் சொல்லிவிட்டார். சாதி வாரியாகத் தலைமையை எண்ணால் காட்ட வேண்டுமென்றால் பொதுத்துறைக்கு வாருங்கள். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் ஏ, பி, சி, டி பிரிவு வாரியாகப் பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்டோர் எண்ணிக்கை அட்டவணையாக வரும். பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி அட்டவணை இருக்கும்.

அதில் ஒரு பொறி. "ஏ பிரிவு" என்பது புதிதாகச் சேர்ந்த பொறியாளர் முதல் நிர்வாக இயக்குநர் வரை எல்லாரும். நேரடி நியமனத்தில் அகில இந்தியப் போட்டித் தேர்வுக்கு இந்த மூன்று பிரிவுக்கும் முறையே 15, 7.5, 27 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதால் அடிமட்டத்தில் எண் நன்றாகவே இருக்கும். 1995-இல் அரசமைப்பின் 77-ஆம் திருத்தம் உறுதிசெய்த பதவி உயர்வு ஒதுக்கீடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும். தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தரும் பதவி உயர்வில் அது ஏ பிரிவின் முதற்படியோடு நின்றுவிடும். அதற்கு மேலே என்ன நடக்கிறது என்பதை அட்டவணை காட்டாது. உங்கள் ஆய்வுக்கு வேண்டியதோ அந்த மேற்படிகள்தான்.

அதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கலாம். மத்திய நிறுவனம் என்றால் இணையவழி மனு, கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். மனு 500 சொல்லுக்குள் இருக்கட்டும். "ஏன் தலித் பொதுமேலாளர்கள் குறைவு?" என்று கேட்டால் கருத்துக் கேட்கிறீர்கள் என்று தள்ளிவிடுவார்கள். கையில் உள்ள பதிவைத்தான் கேட்க வேண்டும். இப்படி: "31.3.2020 முதல் 31.3.2025 வரை ஒவ்வொரு மார்ச் 31 அன்றும், இ-1 முதல் இ-9 வரை ஒவ்வொரு தரநிலையிலும் பணியிலிருந்தோர் எண்ணிக்கை, பொது / பட்டியல் சாதி / பழங்குடி / பிற பிற்படுத்தப்பட்டோர் மற்றும் ஆண் / பெண் வாரியாக." பெயர் கேட்காதீர்கள், தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மொத்த மனுவையும் திருப்புவார்கள். "தொகுத்து வைக்கவில்லை" என்று பதில் வந்தால், ஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டை (எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று குறிக்கும் ஏடு) பார்வையிட அனுமதி கேட்டு மறுபடி போடுங்கள். அந்தப் பதிவேடு எல்லா அலுவலகத்திலும் இருந்தாக வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். பத்து நிறுவனத்துக்குப் போட்டால் முழுத் தரவு கையில் வர ஆறு மாதம் ஒதுக்குங்கள்.

மதம் இங்கும் பொதுவாகக் கிடைக்காது.

இன்னொன்று, நாடு முழுவதும் ஒப்பிட ஓர் அடித்தளம் வேண்டும். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் அலகுத் தரவு (ஆள்வாரியான மூலத் தரவு) இலவசம். அதில் சமூகப் பிரிவு, மதம், பாலினம், தொழில் குறியீடு நான்கும் இருக்கின்றன. தொழில் பிரிவு 1 மேலாளர்கள். அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவீர்கள். சொந்தமாகச் சிறு கடையோ பட்டறையோ நடத்துபவரும் அதில் வந்து விழுவார். வேலை நிலைக் குறியீடு 31, அதாவது மாதச் சம்பளக்காரர் மட்டும் என்று வடிகட்டுங்கள். நிறுவன வகையில் கம்பெனிகளை மட்டும் வையுங்கள். எடையிடாமல் (ஒவ்வொரு வரியும் எத்தனை பேரைக் குறிக்கிறது என்ற பெருக்கெண் இல்லாமல்) எதையும் எண்ணாதீர்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் முஸ்லிம் பெண் மேலாளர் என்று இறங்கினால் மாதிரியில் விரல்விட்டு எண்ணும் அளவே மிஞ்சும், அதனால் பல ஆண்டைச் சேர்க்க வேண்டிவரும். தொழில் வகைப்பாடு நடுவில் மாறியிருக்கிறது, 2025 ஜனவரியில் மாதிரி எடுக்கும் முறையே மாறிவிட்டது. அந்தக் கோட்டைத் தாண்டிச் சேர்க்காதீர்கள்.

15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017-18-இல் 23.3, 2023-24-இல் 41.7 என்ற எண்ணை எல்லாரும் முன்னுரையில் போடுகிறார்கள். அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு கிராமப்புறச் சுயதொழிலும் குடும்பத் தொழிலில் கூலியில்லா உதவியும். கம்பெனித் தலைமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மாதிரிக்கூறு:

பெயரை வைத்துச் சாதி பிரிப்பது பற்றி. 2012-இல் வந்த அந்த ஆய்வு இந்தியாவின் முன்னணி 1000 நிறுவன இயக்குநர்களைப் பெயரை வைத்து வகைப்படுத்தி, சுமார் 93 விழுக்காடு முற்பட்ட சாதியினர் என்று சொன்னது. வடக்கே குடும்பப் பெயர் சாதியைச் சொல்லும், ஓரளவு வேலை செய்யும். தமிழ்நாட்டில் அப்பாவின் பெயர்தான் முன்னெழுத்து. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். அதன் பலன், ஆர். செந்தில்குமார் என்ற பெயரை வைத்து நீங்கள் ஒன்றும் சொல்ல முடியாது. பட்டம் போட்டுக்கொள்ளும் சிலரை மட்டும் வகைப்படுத்தி, மீதியை "தெரியவில்லை" என்று ஒதுக்கினால் தவறு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பட்டத்தை வைத்துக்கொள்பவர் யார், விட்டவர் யார் என்பதே சாதியோடும் தலைமுறையோடும் தொடர்புடைய விஷயம்.

மதத்துக்கும் பாதிதான் உதவும். முஸ்லிம் பெயர்கள் பெரும்பாலும் தெரிந்துவிடும். அருள், செல்வி, அன்பரசு என்று தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் கிறித்தவர்கள் இந்துவாக எண்ணப்படுவார்கள். அதாவது கிறித்தவர் எண்ணிக்கை எப்போதும் குறைத்தே வரும். செய்தே ஆக வேண்டுமென்றால் முஸ்லிம் / மற்றவர் என்ற ஒரே பிரிவோடு நில்லுங்கள். இருவர் தனித்தனியாகக் குறித்து, ஒத்துப்போகும் அளவைக் காப்பா மதிப்பாக (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த அளவு) கொடுங்கள். 0.8-க்குக் கீழே போனால் அந்த மாறியைக் கைவிடலாம்.

வேலைக்கு எடுப்பதில் உள்ள பாகுபாட்டுக்குப் பெயர் முறையைச் சரியாகப் பயன்படுத்திய ஆய்வு உண்டு. தோரட், அட்டெவெல் இருவரும் 2007-இல் வெளியிட்டது. 66 வாரம், 548 விளம்பரம், 4,808 விண்ணப்பம். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அங்கே பெயரைக் கொடுப்பவர் ஆய்வாளர், அதனால் ஐயத்துக்கு இடமில்லை. நீங்கள் செய்ய நினைப்பது ஏற்கெனவே இருக்கும் பெயரைப் படித்து ஊகிப்பது. இரண்டும் ஒன்றல்ல.

இயக்குநர் குழுவில் பெண்கள் என்ற எண்ணுக்கு வருவோம். பட்டியலிட்ட எல்லா நிறுவனத்துக்கும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் சட்டப்படி வேண்டும், அதனால் "ஒருவர் இருக்கிறாரா" என்ற மாறியில் வேறுபாடே இருக்காது. வேறுபாடு இல்லாத மாறியை வைத்து ரிக்ரஷன் ஓட்டி என்ன செய்வது? முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் முதல் 1000-க்கு 2020 ஏப்ரல் 1 முதலும் சார்பற்ற பெண் இயக்குநர் ஒருவர் கட்டாயம். அதற்கு முன்பு பல இடங்களில் அந்த இருக்கை முதலாளி வீட்டு மனைவிக்கோ மகளுக்கோ போனது. ஆகவே மூன்றாகப் பிரியுங்கள்: நிறுவனர் குடும்பத்தினர், சார்பற்றவர், வேலை செய்து மேலே வந்த முழுநேர இயக்குநர். காலாண்டுப் பங்குரிமை அறிக்கையில் நிறுவனர் குழுவினரின் பெயர்ப் பட்டியல் இருக்கும். காலாண்டு நிர்வாக அறிக்கையில் ஒவ்வொரு இயக்குநரின் வகை, நியமன நாள், அடையாள எண், குழுப் பொறுப்புகள் இருக்கும். இரண்டையும் பொருத்துங்கள். மூன்றாவது வகையில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதுதான் உங்கள் ஆய்வேட்டின் உயிர்.

ஒரே பெண் ஐந்தாறு நிறுவனங்களில் சார்பற்ற இயக்குநராக இருப்பார். ஏழு பட்டியலிட்ட நிறுவனம் வரை அனுமதி உண்டு. அடையாள எண்ணை வைத்து, இருக்கைகள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்று தனித்தனியே சொல்லுங்கள்.

உங்கள் 300 பேர் கணக்கு: ஒரே நிறுவனத்தில் ஐந்து பேர் என்றால் பதில்கள் ஒன்றுபோல வரும். உள்தொடர்பு (ஒரே நிறுவனத்தாரின் பதில்கள் ஒத்திருக்கும் அளவு) 0.2 என்றே வைத்தாலும் வடிவமைப்பு விளைவு 1 + (5 − 1) × 0.2 = 1.8. 300 ஐ 1.8 ஆல் வகுத்தால் 167. கையில் உள்ள மாதிரி அவ்வளவுதான். நிறுவனத்தை ஒரு மட்டமாக வைத்துப் பல்மட்ட மாடல் ஓட்டாவிட்டால் எல்லாம் "புள்ளியியல்படி முக்கியம்" என்று வந்து நிற்கும்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. முஸ்லிம், தலித் இரண்டையும் பெயர் வழியாக எடுக்கும் யோசனையை விட்டுவிட்டேன். ஒரு நிறுவனம் பெயர் நீக்கிய ஊழியர் தரவை ஐந்தாண்டுக்குத் தரச் சம்மதிக்கிறது. என்னென்ன நிரல் கேட்க வேண்டும்? பதவி உயர்வில் வேறுபாடு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? சாதி கேட்டு நேர்காணல் எடுப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மாதிரிக்கூறு:

ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு ஒரு வரி. நிரல்கள்: மாற்றிய அடையாள எண், பாலினம், சேர்ந்த மாதம், மார்ச் 31 அன்று தரநிலை, அந்தத் தரநிலைக்கு வந்த மாதம், துறை, இடம், அந்த ஆண்டு மதிப்பீடு, 90 நாளுக்கு மேல் விடுப்பு உண்டா, விலகிய மாதம், விலகல் காரணக் குறியீடு. பிறந்த தேதி வேண்டாம், ஐந்தாண்டு வயதுப் பட்டை போதும். விலகியவர்களின் வரிகளை மறக்காமல் கேளுங்கள். எச்.ஆர். எப்போதும் இன்று இருப்பவர்களின் பட்டியலைத்தான் எடுத்துக் கொடுக்கும், விலகிய பெண்கள் அதில் இருக்கமாட்டார்கள். மிஞ்சியவர்களை மட்டும் பார்த்தால் எல்லாம் நன்றாக நடப்பதாகவே தெரியும்.

கணக்கு எளிது. ஒரு தரநிலையில் ஆண்கள் 600, பெண்கள் 400 என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் ஆண்கள் 75 பேரும் பெண்கள் 25 பேரும் உயர்ந்தார்கள். 12.5-க்கு 6.25 விழுக்காடு, விகிதம் 0.5. 95 விழுக்காட்டு நம்பக எல்லை 0.32 முதல் 0.77 வரை, ஒன்றைத் தொடவில்லை, சொல்லலாம். மேல் தரநிலையில் ஆண்கள் 20 பேரில் 4, பெண்கள் 10 பேரில் 1. இங்கும் விகிதம் 0.5-தான். ஆனால் எல்லை 0.06 முதல் 3.9 வரை. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே போகப் போக ஆட்கள் குறைவதால், தலைமை பற்றிய கேள்விக்கே தரவு மெலிந்துபோகும். ஐந்தாண்டைச் சேர்ப்பதும், ஒரு தரநிலையில் காத்திருந்த காலத்தை உயிர்நீட்சிப் பகுப்பாய்வில் (ஒரு நிகழ்வு வரும்வரை ஆகும் காலத்தை ஆராயும் முறை) பார்ப்பதும் அதனால்தான்.

எந்தப் படியில் அடைப்பு என்பதைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் எல்லாரும் மேல்தளத்தையே பார்ப்பார்கள், அடைப்போ மேற்பார்வையாளரிலிருந்து முதல் மேலாளர் பதவிக்குப் போகும் இடத்தில் இருக்கும். தமிழ்நாட்டுக்கு இது முக்கியம். நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இங்கே. அடித்தளத்தில் பெண்கள் இல்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. நூற்பாலைத் தளத்தில் வேலை செய்பவர் பெண், ஷிப்ட் பொறுப்பாளர் ஆண். ஆலை மேலாளர் ஆக ஷிப்ட் பொறுப்பு அனுபவம் வேண்டும். படி எங்கே உடைகிறது என்று தெரிகிறதல்லவா?

விடுப்பு நிரலை மதிப்பீட்டோடு சேர்த்துப் பாருங்கள். மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஜனவரியில் தொடங்கினால் இரண்டு நிதியாண்டைத் தொடும். ஆளில்லாத ஆண்டுக்குப் பேசாமல் "சராசரி" போடுவது பல இடங்களில் வழக்கம். பதவி உயர்வுக்குக் கடைசி இரண்டு ஆண்டு மதிப்பீடும் சராசரிக்கு மேல் வேண்டும் என்று விதி இருந்தால், ஒரு விடுப்பு மூன்று சுற்றை அடைத்துவிடும். யாருடைய மனதிலும் பாகுபாடு வேண்டியதில்லை, இரண்டு விதிகள் சேர்ந்தாலே போதும். இதைத் தரவில் காட்டினால் நிறுவனமும் உடனே திருத்த முடியும்.

இரண்டு எச்சரிக்கை. ஐந்தாண்டில் தரநிலைப் பெயர்களை மாற்றியமைத்திருந்தால் நூறு பேர் ஒரே நாளில் "உயர்ந்ததாக" வரும், அந்தத் தேதியைக் கேட்டு நீக்குங்கள். குழும நிறுவனத்துக்கு மாறியவர் விலகியவராகப் பதிவாகியிருப்பார்.

குறிஞ்சி:

நேர்காணல், வினாத்தாள் பக்கம் நான் சொல்கிறேன்.

எச்.ஆர். வழியாகப் படிவம் வேண்டவே வேண்டாம். அலுவலக மின்னஞ்சலில் வந்த இணைப்பில் "என் மேலாளர் பாகுபாடு காட்டுகிறார்" என்று யாரும் தட்டமாட்டார்கள். தொழிற்சங்கம், முன்னாள் மாணவர் சங்கம், தொழில்முறைப் பெண்கள் அமைப்பு ஆகிய மூன்று வெவ்வேறு வாசல் வழியாக ஆட்களைச் சேருங்கள். ஒரே வாசல் என்றால் ஒரே வட்டத்துக்குள் சுற்றுவீர்கள். சந்திப்பு அலுவலகத்துக்கு வெளியே. அலுவலகக் கைபேசி, அலுவலக மடிக்கணினி வழியாகக் காணொளி அழைப்பு கூடாது.

"உங்கள் நிறுவனத்தில் பெண்களுக்குச் சமவாய்ப்பு உண்டா?" என்பது வீண் கேள்வி. எல்லாரும் உண்டு என்பார்கள். நடந்ததைக் கேளுங்கள், காலவரையோடு. கடந்த 12 மாதத்தில் வாடிக்கையாளரைப் பார்க்க வெளியூர் அனுப்பிய குழுவில் நீங்கள் இருந்தீர்களா? கடைசி ஐந்து கூட்டங்களில் குறிப்பு எடுத்தது யார்? தலைமையையும் அப்படியே: நேரடியாக உங்களிடம் வேலைவிவரம் சொல்பவர் எத்தனை பேர்? யாரையும் கேட்காமல் எவ்வளவு தொகை வரை ஒப்புதல் தரலாம்? ஆள் எடுக்கும் முடிவில் உங்கள் கையெழுத்து வேண்டுமா? லாப நட்டப் பொறுப்பு உண்டா? "துணைத் தலைவர்" என்று அட்டை வைத்திருப்பவர் இந்த நான்குக்கும் இல்லை என்பார். மேற்பார்வையாளர் ஒருவர் மூன்றுக்கு ஆம் என்பார். பட்டத்தை நம்பாதீர்கள்.

எதிர்மறை வாக்கியங்களைத் தமிழில் வைக்கும்போது கவனம். "பெண்களுக்கு வாய்ப்பு மறுக்கப்படுவதில்லை" என்பதற்கு "மறுக்கிறேன்" என்று குறித்தால் அது ஆமா, இல்லையா? பாதிப் பேர் தவறாகக் குறிப்பார்கள், நம்பகத்தன்மை அளவு சரியும், காரணம் தெரியாமல் விழிப்பீர்கள். 15 பேரிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேட்டுவிட்டு இறுதி செய்யுங்கள்.

சாதி கேட்பது: கடைசியில் கேளுங்கள், அதற்கு முன் ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வரி. சாதிப் பெயர் வேண்டாம், பிரிவு போதும்: ஓ.சி., பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி./டி.என்.சி., எஸ்.சி., எஸ்.சி.ஏ., எஸ்.டி., சொல்ல விரும்பவில்லை. மதம் தனிக் கேள்வி. காரணம் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதி ஆக முடியும். கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார். சான்றிதழைக் கேட்டால் பி.சி., அவர் அனுபவத்தைக் கேட்டால் தலித். இரண்டையும் கேட்காவிட்டால் உங்கள் தலைப்பில் உள்ள "சிறுபான்மை"க்கும் சாதிக்கும் நடுவே நிற்கும் ஆட்களையே தொலைத்துவிடுவீர்கள். மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. இரண்டும் மத்தியப் பட்டியலில் ஓ.பி.சி. என்ற ஒரே பெயரில் வரும், பொதுத்துறைத் தரவோடு ஒப்பிடும்போது நினைவில் வையுங்கள்.

எழுதும்போது ஐந்துக்குக் குறைவான கட்டம் எதையும் அச்சிடாதீர்கள். அதை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள், பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். "ஓசூர் ஆலையில் தர உறுதிப் பிரிவில் உள்ள தலித் பெண் மேலாளர்" என்று எழுதினால் பெயர் சொன்னதற்குச் சமம். ஊர், துறை, பதவி மூன்றில் ஒன்றைத்தான் விட்டுவைக்கலாம். ஒலிப்பதிவை எழுத்தாக்கிச் சரிபார்த்தபின் அழித்துவிடுங்கள், அழிக்கும் தேதியைச் சம்மதப் படிவத்திலேயே போடுங்கள்.

பாலியல் தொல்லைப் புகார்க் கோப்புகளை உள் குழுவிடம் கேட்காதீர்கள். 2013 பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதை வெளியிடத் தடை செய்கிறது, தகவல் உரிமைச் சட்டத்திலும் வராது. குழுவின் அமைப்பைக் கேட்கலாம்: தலைவர் மேல்நிலைப் பெண் ஊழியரா, பாதிக்குக் குறையாமல் பெண்களா, வெளி உறுப்பினர் யார், 90 நாளுக்குள் விசாரணை முடிந்தவை எத்தனை.

கணக்குப்பிள்ளை:

குறிஞ்சி சொன்னதோடு ஒரு சேர்க்கை. 2025 ஜூலை 14 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தால், இயக்குநர் குழு அறிக்கையிலேயே பெறப்பட்ட புகார், முடிந்தவை, 90 நாளுக்கு மேல் நிலுவையில் உள்ளவை என்று எண்ணிக்கை தர வேண்டும். பட்டியலிடாத நிறுவனங்களிடமிருந்தும் இனி இது கிடைக்கும். உங்கள் 60-இல் ஆயிரத்துக்கு வெளியே நிற்பவற்றை விட்டுவிடச் சொன்னேன் அல்லவா, இந்த ஒரு மாறிக்கு மட்டும் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.